ஒரு ஷிஃப்ட் முழுக்க பேஷண்ட்டுக்கு நம்ம கையால கெடுதல் வராம பாத்துக்கறது எப்படி: வார்டு நர்ஸுக்கான முழுமையான வழிகாட்டி

புதுசா வார்டுக்கு வர்ற பிள்ளைங்ககிட்ட கை கழுவறது எப்படின்னு கேட்டா எல்லா ஸ்டெப்பையும் டான்ஸ் மாதிரி அழகா பண்ணி காட்டுவாங்க, ஆனா பெட் பக்கத்துல நிக்கறப்போ "இப்ப கழுவணுமா வேண்டாமா"ன்னு கேட்டா அங்கதான் முழிப்பாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது, நாம சொல்லிக்குடுக்கற விதமே அப்படி. அதனால இத பாடப்புத்தகம் மாதிரி தலைப்பு தலைப்பா எழுதல, டியூட்டிக்கு வந்ததுல இருந்து கிளம்பற வரைக்கும் எந்த நேரத்துல என்ன பண்ணணும்னு எழுதறேன். நடுவுல எங்க குழம்பினாலும் ரெண்டே கேள்வி: என் கை இப்ப எதை தொட்டுட்டு வருது, அடுத்து எதை தொடப்போகுது? முக்காவாசி விஷயத்துக்கு இதுலயே பதில் கிடைச்சிடும்.

ஸ்டெப் 1: வார்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி

நகம் ஒட்ட வெட்டியிருக்கணும், மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டி வச்சிடணும், முழங்கைக்கு கீழ சும்மா இருக்கணும். மோதிரத்துக்கு அடியில ஈரம் தங்கும், ஹேண்ட் ரப்பும் (கையில தேய்க்கற ஆல்கஹால் மருந்து) அங்க சரியா போகாது. கையில வெட்டுக்காயம் இருந்தா தண்ணி புகாத பிளாஸ்டர் போட்டு மூடுங்க. ஜுரம், வயித்துப்போக்குன்னா இன்சார்ஜ்கிட்ட சொல்லிட்டு லீவு எடுங்க, "ஆள் இல்ல சமாளிச்சு வா"ன்னு கூப்பிடுவாங்கதான், ஆனா நீங்க கொண்டு வர்றத வாங்கிக்க போறது எதிர்ப்பு சக்தியே இல்லாம படுத்திருக்கறவங்க.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்டாச்சான்னு ஒரு தடவை பாத்துக்கோங்க. கடைசி டோஸ் போட்டு ஒண்ணு ரெண்டு மாசத்துல ஆன்டிபாடி டெஸ்ட் எடுக்கணும், 10 mIU/mL-ம் அதுக்கு மேலயும் இருந்தாதான் பாதுகாப்பு கிடைச்சதா அர்த்தம். ஊசி போட்டுட்டு டெஸ்ட் எடுக்காம விட்டவங்கதான் நம்மள்ல ஜாஸ்தி.

ஸ்டெப் 2: ஹேண்டோவர் பெட் பக்கத்துல நின்னு வாங்குங்க

நர்ஸிங் ஸ்டேஷன்ல உக்காந்து நோட்ட பாத்து வாங்கற ஹேண்டோவர்ல பாதி விஷயம் தெரியாம போயிடும். பெட்டுக்கு போய் ஆளப் பாருங்க, அப்புறம் தலையில இருந்து கால் வரைக்கும் உடம்புல என்னென்ன மாட்டியிருக்கோ ஒவ்வொண்ணையும் கையால தடவிட்டு போங்க: ஆக்ஸிஜன், மூக்கு டியூப், கேனுலா (ரத்தக்குழாய்க்குள்ள மருந்து ஏத்த மாட்டற குழாய்), டிரெயின் (உடம்புக்குள்ள தேங்கறத வெளிய வடிக்கற குழாய்), யூரின் பேக். எந்த லைன் எங்க போகுதுன்னு நுனி வரைக்கும் பாக்கணும். தேதி எழுதாத கேனுலா இருந்தா அப்பவே கேளுங்க, அவங்க கிளம்பினதுக்கு அப்புறம் அந்த தேதி யாருக்குமே தெரியாது.

பேசறதுக்கு எஸ்பார் முறை நல்லா வேலை செய்யும்: இப்ப என்ன பிரச்சனை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன பண்ணணும்னு நினைக்கறேன். அமெரிக்க நேவியோட அணு நீர்மூழ்கி கப்பல்ல இருந்து வந்த பழக்கம் இது. நாலாவது பாயிண்ட்டதான் நம்ம ஆளுங்க முழுங்கிடுவாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு டாக்டருக்கு போன் பண்ணி "சார் பிபி கொஞ்சம் கம்மியா இருக்கு"ன்னு சொல்லிட்டு நிறுத்தினா அவரு "சரி பாத்துக்கோங்க"ன்னு வச்சிடுவாரு. "பிபி 80/50, ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி 110 இருந்துச்சு, யூரின் வரல, கை கால் சில்லுன்னு இருக்கு, நீங்க இப்ப வந்து பாக்கணும்"னு சொல்லிப்பாருங்க, வந்து நிப்பாரு.

ஸ்டெப் 3: ஆள் யாருன்னு உறுதி பண்றது

மருந்து, ரத்தம், டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுக்கறது, ஸ்கேனுக்கு அனுப்பறது, எதுவா இருந்தாலும் முன்னாடி ரெண்டு அடையாளம் பாக்கணும்: முழுப்பேரு, அதோட பிறந்த தேதி இல்லன்னா ஐபி நம்பர் (ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ குடுத்த நம்பர்). பெட் நம்பர் அடையாளமே கிடையாது, பெட் மாறும்.

கேக்கற விதம் முக்கியம். எங்க வார்டுல ஒரே பேர்ல ரெண்டு பெரியவங்க இருந்தாங்க, ஒருத்தருக்கு காது மந்தம். ட்ரே எடுத்துட்டு போய் "ஐயா, நீங்க இன்னார்தானே"ன்னு பேரை சொல்லி கேட்டேன், சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு. நானும் சரின்னு ஊசிய எடுத்துட்டேன், நல்லவேளை மணிக்கட்டுல கட்டியிருக்கற பேண்ட்ல நம்பர் பாக்கலாம்னு கைய தூக்கினப்போ நம்பர் வேற. அன்னைக்கு நான் வச்சிருந்தது இன்சுலின், அவருக்கு சர்க்கரையே கிடையாது. அதுக்கப்புறம் யாரைப் பாத்தாலும் "உங்க பேரை முழுசா சொல்லுங்க ஐயா"ன்னுதான் கேப்பேன், பேரை நான் சொல்றதில்ல. மயக்கத்துல இருக்கறவங்க, குழந்தைங்கன்னா பேண்டும் கேஸ் ஷீட்டும் ஒத்துப் பாக்கணும். கட்டில்ல ஒட்டியிருக்கற சீட்டை நம்பவே நம்பாதீங்க.

சாம்பிள் டியூப்ல லேபிள் பெட் பக்கத்துலயே, ரத்தம் எடுத்த உடனே ஒட்டணும். நாலு பேருக்கு எடுத்து பாக்கெட்ல போட்டுட்டு வந்து ஸ்டேஷன்ல உக்காந்து ஒட்டற பழக்கம் இருந்தா இன்னையோட விட்டுடுங்க, பிளட் குரூப் மாறினா ஆள் உசுரு போயிடும்.

ஸ்டெப் 4: கை

1847-ல வியன்னாவுல செம்மல்வெய்ஸ்னு ஒரு டாக்டர், பிணத்தை அறுத்துட்டு நேரா பிரசவ வார்டுக்கு வர்ற டாக்டருங்கள குளோரின் கலந்த தண்ணியில கை கழுவ வச்சாரு, தாய்மாருங்க சாவு சரசரன்னு கொறஞ்சுது. கிருமின்னு ஒண்ணு இருக்குன்னு நிரூபிக்கறதுக்கு முன்னாடியே நடந்த கதை, அப்ப அவர் பேச்சை பெருசா யாரும் கேக்கல. இப்பவும் வார்டுல "கை கழுவுங்க டாக்டர்"னு சொல்லிப் பாருங்க, மூஞ்சி எப்படி போகுதுன்னு.

உலக சுகாதார நிறுவனம் அஞ்சு தருணம்னு சொல்லுது: பேஷண்ட்ட தொடறதுக்கு முன்னாடி, சுத்தமா செய்ய வேண்டிய வேலைக்கு முன்னாடி, ரத்தம் சளி யூரின் மாதிரி எதுலயாவது கை பட்டிருக்க வாய்ப்பிருந்தா அதுக்கப்புறம், பேஷண்ட்ட தொட்டதுக்கு அப்புறம், பேஷண்ட்ட சுத்தி இருக்கற பொருளை தொட்டதுக்கு அப்புறம். மனப்பாடம் பண்றத விட ஒரு காட்சியா பாருங்க. பெட்டுக்கு போறீங்க, ஹேண்ட் ரப் போடறீங்க, நாடி பாக்கறீங்க, தலையணைய சரி பண்றீங்க. இப்ப கேனுலாவுல மருந்து போடணும். அதே ஆள்தானே, இப்பதானே கை துடைச்சோம்னு தோணும். ஆனா உங்க கையில இப்ப அவரோட தோல்ல இருந்த கிருமி, பெட் ரெயில்ல இருந்த கிருமி எல்லாம் இருக்கு, அது நேரா ரத்தத்துக்குள்ள போகப்போகுது. அதனால மறுபடி ஹேண்ட் ரப். ரெண்டாவது தருணத்த நாம எல்லாரும் விடறது இங்கதான், ஒரே ஆளுக்குள்ள ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்கு போறப்போ.

ஹேண்ட் ரப் 20-ல இருந்து 30 செகண்ட், கை முழுக்க நனையற அளவுக்கு எடுத்து காயற வரைக்கும் தேய்க்கணும், ஒரு சொட்டு எடுத்து உதறிட்டு போறது கணக்குல வராது. கட்டை விரல், விரல் நுனி, விரல் இடுக்கு, இந்த மூணும்தான் விட்டுப்போகும். கையில அழுக்கு கண்ணுக்கு தெரிஞ்சா சோப்பு தண்ணி, மொத்தமா 40-ல இருந்து 60 செகண்ட். வயித்துப்போக்கு இருக்கற பேஷண்ட்ட பாத்தாலும் சோப்புதான், ஏன்னா சி.டிஃப் மாதிரி வயித்துப்போக்கு உண்டாக்கற கிருமியோட ஸ்போர் (கெட்டியான ஓட்டுக்குள்ள இருக்கற வித்து) ஆல்கஹாலுக்கு சாகாது, தேய்ச்சு கழுவி தண்ணியில விட்டாதான் போகும்.

இப்ப கிளவுஸ். கிளவுஸ் போட்டதும் நமக்கு ஒரு தைரியம் வந்துடும், அதான் வில்லங்கம். ஒரு சிஸ்டர் வேலை செய்யறத ஓரமா நின்னு பாத்துட்டிருந்தேன்: சக்ஷன் பண்ணி சளிய உறிஞ்சி எடுத்தாங்க, மருந்து பம்ப் கத்துச்சு, அதே கிளவுஸோட பட்டன அமுக்குனாங்க, டிராயரத் திறந்து கேத்தட்டர் எடுத்தாங்க, பாக்கெட்ல இருந்து பேனா, சார்ட்ல எழுதினாங்க, மூக்கு கண்ணாடிய மேல தள்ளி விட்டுக்கிட்டாங்க. சுத்தமா வேலை செய்யறவங்கதான் அவங்க, ஆனா சளி அஞ்சு இடத்துக்கு போயிடுச்சு. கிளவுஸ் அவங்கள காப்பாத்துச்சு, மத்த யாரையும் காப்பாத்தல. ஒரு வேலை முடிஞ்சதும் கழட்டு, கை துடை, அடுத்த வேலைக்கு வேற கிளவுஸ். கிளவுஸ் மேலயே ஹேண்ட் ரப் போட்டு தேய்க்கறத பாத்திருக்கேன், அதுக்கு பேசாம கழட்டிடலாம்.

ஸ்டெப் 5: கேனுலாவும் சென்ட்ரல் லைனும்

கேனுலா போடறதுக்கு முன்னாடி 2% குளோர்ஹெக்சிடின் கலந்த 70% ஆல்கஹால்ல 30 செகண்ட் தேய்ச்சு துடைங்க, அப்புறம் தானா காயணும். ஊதாதீங்க, கையால விசிறாதீங்க, காயறப்போதான் கிருமி சாகுது. சுத்தம் பண்ணதுக்கு அப்புறம் வெயின் எங்கன்னு மறுபடி விரல வச்சு பாக்காதீங்க. எல்லாருக்கும் இந்த பழக்கம் இருக்கு, எனக்கும் இருந்துச்சு. தேடறதெல்லாம் முன்னாடியே தேடிக்கணும்.

மருந்து போடற ஒவ்வொரு தடவையும் ஹப்ப (சிரிஞ்ச் மாட்டற வாய்) தேய்ச்சு துடைக்கணும், ஆல்கஹால் ஸ்வாப் வச்சு 15 செகண்ட், எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி திருகி திருகி. காய்ஞ்சதுக்கு அப்புறம் சிரிஞ்ச் மாட்டுங்க. மனசுக்குள்ள 15 எண்ணிப்பாருங்க, எவ்வளவு நீளம்னு அப்பதான் தெரியும், நாம வழக்கமா பண்றது மூணு செகண்ட் கூட இருக்காது.

ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் கேனுலா இடத்த பாத்து விஐபி ஸ்கோர் (ரத்தக்குழாய் அழற்சிய அளக்கற மார்க்) எழுதுங்க. வலி, சிவப்பு, வீக்கம் இதுல ரெண்டு இருந்தா ஸ்கோர் 2, எடுத்துட்டு வேற இடத்துல போடணும். "இன்னும் ஒரு டோஸ்தான் இருக்கு, ஓட்டிடலாம்"னு விடாதீங்க. எமர்ஜென்சியில அவசரத்துல குத்துனது 24-ல இருந்து 48 மணி நேரத்துக்குள்ள மாத்தணும். டிரான்ஸ்பேரண்ட் டிரெஸ்ஸிங் 7 நாள், காஸ் வச்சதுன்னா 2 நாள், நனைஞ்சாலோ ஓரம் தூக்கினாலோ நாள் கணக்கு பாக்காம உடனே மாத்தணும். சாதாரண ஐவி செட்ட (பாட்டில்ல இருந்து கேனுலாவுக்கு வர்ற டியூப்) 96 மணி நேரத்துக்கு முன்னாடி சும்மா சும்மா மாத்த தேவையில்ல, கொழுப்பு கலந்த ஃபீட் போனா 24 மணி நேரம், ப்ரோபோஃபால்ங்கற மயக்க மருந்து போனா 12 மணி நேரத்துக்குள்ள. ரத்தம் ஒரு யூனிட் 4 மணி நேரத்துக்குள்ள முடியணும்.

சென்ட்ரல் லைன், அதாவது இதயத்துக்கு பக்கத்துல இருக்கற பெரிய ரத்தக்குழாய் வரைக்கும் போற குழாய், அத பத்தி ஒரு கதை. அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல நூத்துக்கும் மேல ஐசியூ, ப்ரோனோவோஸ்ட்னு ஒரு டாக்டர் அஞ்சே விஷயம் சொன்னாரு: கை கழுவு, முழு டிரேப்பும் கவுனும் மாஸ்க்கும் போடு, குளோர்ஹெக்சிடின்ல துடை, முடிஞ்ச வரைக்கும் தொடை இடுக்குல போடாத, தேவையில்லாத லைன எடுத்துடு. ரத்தத்துல வர்ற தொற்று 66% வரைக்கும் கொறஞ்சுது, 2006-ல வெளியான ஆய்வு. இந்த அஞ்சுல புதுசு ஒண்ணும் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எனக்கு பிடிச்சது என்னன்னா டாக்டர் ஒரு ஸ்டெப்ப விட்டா பக்கத்துல நிக்கற நர்ஸ் நிறுத்த சொல்லலாம்னு அதிகாரம் குடுத்தாங்க. அந்த அதிகாரம் இல்லாத இடத்துல செக்லிஸ்ட் வெறும் டிக் அடிக்கற பேப்பர்தான். உங்க யூனிட்ல அப்படி சொல்ல முடியலன்னா இன்சார்ஜ்கிட்ட பேசி வாய்வார்த்தையா இல்லாம எழுத்துல வாங்குங்க.

தினமும் ரவுண்ட்ஸ்ல "இந்த லைன் இன்னைக்கு எதுக்கு"ன்னு நீங்களே கேளுங்க. எடுத்த லைன்ல தொற்று வராது.

ஸ்டெப் 6: யூரின் கேத்தட்டர்

இதுக்கும் அதே கேள்விதான், இன்னைக்கு தேவையா? மாட்டி விட்டுட்டு மறந்துபோறதுதான் பெரிய காரணம். மாட்டியிருந்தா மூடின சிஸ்டமாவே இருக்கணும், கேத்தட்டரையும் பேக்கையும் பிரிக்கக்கூடாது. டெஸ்ட்டுக்கு யூரின் வேணும்னா சாம்பிள் போர்ட்ட துடைச்சு சிரிஞ்ச்ல எடுங்க, பேக்ல இருந்து பிடிச்சு அனுப்பினா அதுல வளர்ற கிருமிக்கெல்லாம் ஆன்டிபயாடிக் எழுதுவாங்க.

பேக் எப்பவும் மூத்திரப்பைக்கு கீழ, ஆனா தரையில படாம. இது எல்லாருக்கும் தெரியும், ஸ்ட்ரெச்சர் வர்ற வரைக்கும். ஸ்கேனுக்கு கூட்டிட்டு போறப்போ என்ன நடக்குதுன்னு கவனிங்க: பேஷண்ட்ட தூக்கி போட்டதும் பேக்க எங்க வைக்கறதுன்னு தெரியாம வயித்து மேலயோ கால் நடுவுலயோ வச்சிடுவாங்க, லிஃப்ட், காரிடர், ஸ்கேன் ரூம் வாசல்ல காத்திருப்புன்னு அரை மணி நேரம் பேக்ல இருந்த பழைய யூரின் திரும்பி உள்ள போயிட்டே இருக்கும். கிளம்பறதுக்கு முன்னாடி பேக்க காலி பண்ணிட்டு, ஸ்ட்ரெச்சர் கம்பியில கொக்கி மாட்டி, கூட போற அட்டெண்டர்கிட்ட வாயால சொல்லி அனுப்புங்க. மூணுல ரெண்டு பங்கு நிறைஞ்சதும் காலி பண்ணணும், ஒவ்வொருத்தருக்கும் தனி ஜக். ஒரே ஜக்க வரிசையா நாலு பெட்டுக்கு கொண்டு போனா நாலு பேரு கிருமியையும் நாமளே பங்கு போட்டு குடுக்கறோம்.

ஸ்டெப் 7: வென்டிலேட்டர் பேஷண்ட்

சுருக்கமா சொல்றேன். தலைப்பக்கம் 30-ல இருந்து 45 டிகிரி, கண் மதிப்புல போடாம கட்டில்ல இருக்கற கோணத்த பாருங்க, நாம 30-னு நினைக்கறது பாதி நேரம் 20 கூட இருக்காது. மூச்சு டியூப்ப சுத்தி இருக்கற பலூனோட பிரஷர் (கஃப் பிரஷர்) 20-ல இருந்து 30 செமீ தண்ணி அளவு. பிரஷ் வச்சு வாய் சுத்தம் பண்ணணும். டியூப்ல தேங்கற தண்ணிய பேஷண்ட் பக்கம் சாய்க்காம வெளிய வடிங்க. மயக்க மருந்த கொறச்சு தானா மூச்சு விடறாரான்னு தினமும் பாக்க சொல்லி கேளுங்க.

ஸ்டெப் 8: மருந்து

ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் எல்லாம் நீங்க படிச்சதுதான். தப்பு நடக்கற இடங்கள மட்டும் சொல்றேன்.

புள்ளி. 5.0-ன்னு எழுதினா 50-ன்னு படிப்பாங்க, .5-ன்னு எழுதினா 5-ன்னு படிப்பாங்க. அதனால முழு எண்ணுக்கு பின்னாடி புள்ளி பூஜ்ஜியம் வேண்டாம், அரைக்கு முன்னாடி பூஜ்ஜியம் கட்டாயம். இன்சுலின் ஆர்டர்ல யூனிட்ங்கறத ஒரே எழுத்துல சுருக்கினா அது பூஜ்ஜியம் மாதிரி தெரிஞ்சு 4 யூனிட் 40 ஆயிடும், முழுசா எழுத சொல்லுங்க. படிக்க முடியாத ஆர்டர யூகிக்காதீங்க, போன் போட்டு கேளுங்க, திட்டினா திட்டட்டும்.

பொட்டாசியம் குளோரைடு ஆம்பூல் வார்டு அலமாரியில மத்த மருந்தோட இருக்கவே கூடாது, கலக்காம நேரா போட்டா இதயம் நின்னுடும். இன்சுலின், ஹெப்பரின், கீமோ இதெல்லாம் ரெண்டு பேரு தனித்தனியா கணக்கு போடணும். நீங்க 6 எம்எல்னு சொல்லி பக்கத்துல இருக்கறவங்க "ஆமா"ன்னு சொல்றது செக்கே கிடையாது. அவங்க தானா போட்டு 6 வரணும்.

டாக்டர் வாய்வார்த்தையா ஆர்டர் சொன்னா எழுதிட்டு திருப்பி படிச்சு காட்டுங்க, எண்ண இலக்கம் இலக்கமா: "ஒண்ணு அஞ்சு, பதினஞ்சு." சிரிஞ்ச்ல இழுத்த உடனே லேபிள், கீழ வச்சிட்டு போயிட்டு வந்தா அது என்ன மருந்துன்னு தெரியாது, தூக்கி போடறத தவிர வேற வழியில்ல. ஒரு ஊசி, ஒரு சிரிஞ்ச், ஒரே ஆள், ஒரே தடவை. இன்சுலின் பேனாவுல ஊசிய மாத்திட்டு அடுத்தவருக்கு போடலாம்னு நினைக்கறவங்க இன்னும் இருக்காங்க, குத்தறப்போ பேனாவுக்குள்ளயே ரத்தம் ஏறும், பேனா ஒருத்தருக்கு மட்டும்தான். பல டோஸ் இருக்கற மருந்து பாட்டில் (வயல்) திறந்தா தேதி எழுதுங்க, கம்பெனி வேற மாதிரி சொல்லலன்னா 28 நாள்ல கடாசிடணும்.

ஸ்டெப் 9: ஐசொலேஷன் (தனிமைப்படுத்தறது), பிபிஇ (பாதுகாப்பு உடை)

தொட்டு பரவறதுக்கு கவுன், கிளவுஸ். சளித்துளியில பரவறதுக்கு சர்ஜிக்கல் மாஸ்க். காத்துல பரவற டிபி, தட்டம்மை, சின்னம்மைக்கு என்95, தனி ரூம், முடிஞ்சா நெகட்டிவ் பிரஷர் (உள்ள இருக்கற காத்து வார்டு பக்கம் வராத மாதிரி), கதவு சாத்தியிருக்கணும். என்95 போடற ஒவ்வொரு தடவையும் ரெண்டு கையால மூடி ஊதிப்பாருங்க, ஓரத்துல காத்து வந்தா சரியில்ல. தாடி இருந்தா அது ஒட்டவே ஒட்டாது.

போடறப்போ கவுன், மாஸ்க், கண்ணாடி, கிளவுஸ். இதுல பெருசா தப்பு நடக்காது, கழட்டறப்போதான் நடக்கும், ஏன்னா களைப்பு, வேர்வை, எப்படா வெளிய போவோம்னு இருக்கும். அமெரிக்க நோய் தடுப்பு மையமான சிடிசி சொல்ற ஒரு வரிசை: கிளவுஸ், கண்ணாடி, கவுன், ரூம விட்டு வெளிய வந்ததுக்கு அப்புறம் மாஸ்க், கடைசியா கை. கிளவுஸ்ல கை பட்டுடுச்சுன்னா நடுவுலயே கை துடைச்சிட்டு தொடருங்க. கவுன் கழட்டறப்போ உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி சுருட்டணும், உதறாதீங்க. மாஸ்க்க முன்பக்கம் பிடிக்காம பின்னாடி இருக்கற வார பிடிச்சு எடுங்க.

ஸ்டெப் 10: கீழ விழறது, படுக்கைப்புண்

ராத்திரி பாத்ரூம் போறப்போதான் விழுவாங்க, அதனால தூங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை நீங்களே கூட்டிட்டு போயிடுங்க. கட்டில் தாழ்த்தி, பிரேக் போட்டு, பெல்லும் கண்ணாடியும் கைக்கு எட்டற இடத்துல. எழுந்ததும் நடக்க விடாம ஓரத்துல ஒரு நிமிஷம் உக்கார வைங்க.

படுக்கைப்புண் வர்ற ஆபத்த அளக்க பிரேடன் ஸ்கோர், 18-ம் அதுக்கு கீழயும் இருந்தா ஆபத்து. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பி படுக்க வைக்கணும், குதிகால் மெத்தையில படாம தூக்கி வைக்கணும். சிவந்த இடத்த விரலால அமுக்கி விடுங்க, வெளுக்கலன்னா புண் ஆரம்பிச்சாச்சு, அங்க மசாஜ் பண்ணாதீங்க. ஆக்ஸிஜன் டியூப் காது பின்னாடி அறுக்கறத யாரும் பாக்கறதில்ல, பாருங்க.

ஸ்டெப் 11: ஊசி உங்களையே குத்திட்டா

குத்தாம இருக்க வழி சுலபம், மூடிய திருப்பி மாட்டாதீங்க, ஊசிய கடாசற டப்பாவ பெட் பக்கத்துக்கே கொண்டு போங்க, முக்கால் நிறைஞ்சதும் மூடிடுங்க. குத்திட்டா சோப்பு தண்ணியில கழுவுங்க, பிதுக்காதீங்க, வாயில வச்சு உறிஞ்சாதீங்க, ப்ளீச் ஊத்தாதீங்க. உடனே சொல்லுங்க, ஷிஃப்ட் முடியட்டும்னு இருக்காதீங்க. எச்ஐவி இருக்கறவங்களோட ஊசி குத்தினா தொத்தற வாய்ப்பு சுமார் 0.3%, ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடாதவங்களுக்கு 6-ல இருந்து 30% வரைக்கும். எச்ஐவி தடுப்பு மருந்த சில மணி நேரத்துல ஆரம்பிக்கணும், 72 மணி நேரம் தாண்டக்கூடாது, 28 நாள் சாப்பிடணும். திட்டுவாங்கன்னு மறைச்சு வச்சு மாசக்கணக்குல தூங்காம கிடந்த பொண்ணு எனக்கு தெரியும்.

ஸ்டெப் 12: கிளம்பறதுக்கு முன்னாடி

ரத்தம் சிந்தியிருந்தா முதல்ல பேப்பர்ல உறிஞ்சி எடுத்து, சோப்புல துடைச்சு, அப்புறம்தான் 0.5% குளோரின். அழுக்கு மேலயே கொட்டினா மருந்து வேலை செய்யாது. பிபி கஃப், ஸ்டெத், பம்ப் பட்டன், டிராலி கைப்பிடி எல்லாம் துடைங்க, துடைக்கற மருந்தோட லேபிள்ல சொல்ற நேரம் வரைக்கும் ஈரமா இருக்கணும்.

அன்னைக்கு ஏதாவது தப்பு, தப்பு நடக்க இருந்து தப்பிச்சதுன்னு இருந்தா இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுங்க, யாரு பண்ணாங்கன்னு எழுதறத விட எப்படி நடந்துச்சுன்னு எழுதுங்க. அந்த இன்சுலின் சம்பவத்த நான் எழுதிக் குடுத்தேன், பயந்துக்கிட்டேதான். அடுத்த வாரம் ஒரே பேர் இருக்கற பேஷண்ட்டுங்கள தனித்தனி ரூம்ல போட ஆரம்பிச்சாங்க, கேஸ் ஷீட் மேல சிவப்பு ஸ்டிக்கரும் வந்துச்சு.

அடுத்த ஷிஃப்ட்டுக்கு பெட் பக்கத்துல நின்னு ஹேண்டோவர் குடுத்துட்டு, கை கழுவிட்டு, யூனிஃபார்ம் மாத்திட்டு கிளம்புங்க. பாக்கெட்ல இருக்கற போனையும் ஒரு வைப் எடுத்து துடைச்சிடுங்க, நாள் பூரா அதையும் அதே கையாலதான் தொட்டிருக்கீங்க, வீட்டுக்கு போனதும் குழந்தை முதல்ல கேக்கறது அதைத்தான்.